சரிந்த மதிப்பெண்ணும் விளக்கத்துக்கான இடமும்: அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தின் வரலாற்றில் ஓர் இழை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர், உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளில் ஏதேனும் ஒரு பருவத்தில் தம் மதிப்பெண் சரிந்திருந்தால், அதற்கான காரணத்தை விண்ணப்பத்திலேயே சில வரிகளில் எழுதித் தெரிவிப்பது இன்று வேரூன்றிய வழக்கம். தாயின் நோய், பெற்றோரின் மணமுறிவு, ஊர் மாற்றம், மாணவரின் உடல்நலக் குறைவு, தந்தை வேலை இழந்தபின் மாலை நேரங்களில் தாமும் வேலைக்குப் போக நேர்ந்த நிலை எனக் காரணங்கள் பலவாக இருந்தாலும், எழுதும் முறை ஏறத்தாழ ஒன்றே: என்ன நடந்தது, எப்போது தொடங்கி எப்போது ஓய்ந்தது, அதன்பின் படிப்பு எவ்வாறு தேறியது என்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லி முடிப்பது. கட்-ஆஃப் மதிப்பெண்ணே இறுதித் தீர்ப்பாக இருக்கும் சேர்க்கை முறைக்குப் பழகியவர்களுக்கு, இந்த இடம் மாணவர்மீது கொண்ட பரிவால் ஏற்பட்டதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் இதன் பிறப்பைத் தேடிப் போகிறவர், 1920களில் நன்றாகத் தேர்வெழுதிய ஒரு சமூகத்து மாணவர்களைத் தடுப்பதற்காகப் புகழ்பெற்ற கல்லூரிகள் வகுத்த கேள்விப் படிவங்களிடம்தான் வந்து சேர்கிறார். வடிகட்டுவதற்காகச் செய்த கருவி, அரை நூற்றாண்டுக்குள், தளர்ந்தவர்களுக்குக் கதவு திறக்கும் கருவியாகவும் மாறியது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பதிவே இல்லாத காலம்

மதிப்பெண் சரிவுக்கு விளக்கம் தேவைப்பட வேண்டுமானால், முதலில் சரிவு பதிவாகியிருக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் இருநூறு ஆண்டுகளில் அத்தகைய பதிவு எதுவும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் ஹார்வர்டில் சேர விரும்பிய இளைஞன், சிசரோவைப் போன்ற லத்தீன் ஆசிரியர் ஒருவரின் பகுதியை முன்கூட்டிப் பாராமல் படித்துப் பொருள் சொல்லவும், லத்தீனில் உரைநடையும் செய்யுளும் இயற்றவும், கிரேக்கப் பெயர்ச்சொற்களுக்கும் வினைச்சொற்களுக்கும் உரிய வாய்பாடுகளைப் பிழையின்றிச் சொல்லவும் தெரிந்திருந்தால் போதுமானது. அவன் எந்தப் பள்ளியில் படித்தான், அங்கே எந்த ஆண்டில் எப்படிப் படித்தான் என்பது கல்லூரிக்குத் தேவைப்படவில்லை. பலர் பள்ளிக்கே போகாமல் ஊர்ப் பாதிரியாரிடம் தனியே பாடம் கேட்டு வந்தவர்கள்.

மாணவர்களைத் தரம் பிரித்து எழுதிவைக்கும் பழக்கத்தின் தொடக்கச் சான்றுகளில் ஒன்று 1785இல் யேல் கல்லூரியில் கிடைக்கிறது. அதன் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ், தாம் தேர்வு நடத்திய 58 மாணவர்களை நான்கு வகுப்பாகப் பிரித்து, மிகச் சிறந்தோர் முதல் கடைநிலையினர் வரை லத்தீன் சொற்களால் தம் நாட்குறிப்பில் குறித்துவைத்தார். இன்று எல்லோரும் அறிந்த ஏ, பி, சி என்னும் எழுத்துத் தரங்கள் அளவுகோலாக நிலைபெறுவதற்கு மேலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பெண்களுக்கான மவுன்ட் ஹோலியோக் கல்லூரி 1897இல் ஒவ்வோர் எழுத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று எல்லை வகுத்தது. அந்த அளவுகோலில் 75க்குக் கீழே போனால் தோல்வி என்பதைப் பார்க்கும்போது அக்காலக் கண்டிப்பு விளங்கும்.

தேர்வில் தளர்ந்தவர்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கல்லூரிகள் இரண்டு வழிகளில் சமாளித்தன. முதலாவது, கல்லூரிக்குள்ளேயே நடத்தப்பட்ட ஆயத்தப் பிரிவு. போதிய பள்ளிப் பயிற்சி இல்லாதவர்களை அதில் சேர்த்து ஓரிரு ஆண்டுகள் பாடம் நடத்தியபின் கல்லூரி வகுப்புக்கு அனுப்பினார்கள். 1889 வாக்கில் நாட்டிலிருந்த ஏறத்தாழ நானூறு கல்லூரிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இத்தகைய பிரிவை வைத்திருந்தன. இரண்டாவது, நிபந்தனைச் சேர்க்கை. நுழைவுத் தேர்வில் கிரேக்கத்திலோ இயற்கணிதத்திலோ தவறியவரை, குறித்த காலத்துக்குள் அப்பாடத்தை எழுதித் தேற வேண்டும் என்ற நிபந்தனையோடு உள்ளே விடுவதே இம்முறை. இன்றைய தமிழகக் கல்லூரிகளில் அரியர் வைத்துக்கொண்டே அடுத்த பருவத்துக்குப் போவதற்கு இது நெருங்கியது. ஹார்வர்ட், யேல் போன்ற இடங்களிலும்கூட இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை புதிய மாணவர்களில் பெரும் பங்கினர் இத்தகைய நிபந்தனையோடுதான் சேர்ந்தார்கள். இந்த முறையில் தோல்விக்குக் காரணம் கேட்பார் இல்லை. பாக்கி இன்னது என்று கணக்கெழுதி, அதைத் தீர்க்கக் கெடு வைத்ததோடு கல்லூரியின் வேலை முடிந்தது.

தேர்வு நாளிலிருந்து நான்காண்டுப் பதிவுக்கு

இந்நிலையை மாற்றியது பள்ளிச் சான்றிதழ் முறை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1870-71இல், தன் பேராசிரியர்கள் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்ட பள்ளிகளின் மாணவர்களை, நுழைவுத் தேர்வின்றித் தலைமையாசிரியரின் சான்றை ஏற்றுச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. மத்திய மேற்கு மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் இம்முறையை விரைவில் பின்பற்றின. கிழக்குக் கடற்கரையின் பழைய கல்லூரிகள் மட்டும் தேர்வை விடாமல், 1900இல் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியத்தை நிறுவி, அதுவரை கல்லூரிக்கொன்றாக நடந்துவந்த தேர்வுகளை ஒரே தேர்வாகத் தொகுத்தன. 1901 ஜூனில் நடந்த முதல் தேர்வை 973 பேர் எழுதினர்.

ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவதற்கென ஆண்ட்ரூ கார்னகியின் கொடையால் ஏற்பட்ட அறக்கட்டளை, கல்லூரி என்ற பெயருக்கு உரியது எது என்று வரையறுக்க முற்பட்டபோது, ஓராண்டு முழுதும் ஒரு பாடத்தைப் படிப்பதை ஓர் அலகாகக் கொண்டு, பள்ளியில் குறைந்தது 14 அலகுகளை முடித்தவர்களையே கல்லூரி சேர்க்க வேண்டும் என்று விதித்தது. ஓய்வூதியத்தின்மேல் கண்வைத்த கல்லூரிகள் இந்த அளவை ஏற்றன. அதற்கேற்பப் பள்ளிகள் ஒவ்வொரு மாணவருக்கும் ஆண்டுவாரியாக, பாடவாரியாகப் பதிவு வைக்கலாயின. டிரான்ஸ்கிரிப்ட் என்று வழங்கும் அந்தப் பதிவுதான் பிறகு சேர்க்கையின் முதன்மை ஆவணம் ஆயிற்று.

இம்மாற்றத்தின் விளைவு ஆழமானது. ஒரே நாளில் நடக்கும் தேர்வில் தோற்பவருக்கு நிகழ்வது ஒரு தோல்வி மட்டுமே. அடுத்த ஆண்டு மீண்டும் எழுதித் தேறினால் பழைய தோல்வி மறைந்துவிடும். நான்காண்டுப் பதிவிலோ எதுவும் மறைவதில்லை. பத்தாம் வகுப்பின் இரண்டாம் பருவத்தில் வேதியியலில் வாங்கிய சி-யும் வடிவியலில் வாங்கிய டி-யும், அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் ஏ-க்களுக்கும் பி-க்களுக்கும் இடையே, பதினேழு வயதிலும் அப்படியே தெரியும். சராசரியைக் கணக்கிட்டால் அந்தப் பள்ளம் சற்று நிரவப்படும்; வரிசையாகப் படித்துப் பார்த்தால் ஏன் என்ற கேள்வி எழும். மோசமாகப் படித்த ஒரு காலகட்டம் என்ற கருத்தே தொடர்ச்சியான பதிவு ஏற்பட்டபின் உருவானதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு மாணவர் விடைசொல்ல ஓர் இடம் இன்னும் ஏற்பட்டிருக்கவில்லை.

விளக்கம் கேட்ட முதல் படிவங்கள்

அந்த இடம் உருவான சூழல் கசப்பானது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள், நியூயார்க், பாஸ்டன் போன்ற நகரங்களின் அரசுப் பள்ளிகளில் படித்து, நுழைவுத் தேர்வுகளில் வென்று, முதல் உலகப் போருக்குப்பின் பெருந்தொகையாகக் கல்லூரிகளுக்கு வந்தார்கள். ஹார்வர்டில் 1900இல் ஏறத்தாழ 7 விழுக்காடாக இருந்த யூத மாணவர் பங்கு 1922இல் 21.5 விழுக்காடாக உயர்ந்தது. அதே ஆண்டில் பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெல் வெளிப்படையாகவே ஓர் உச்சவரம்பு வைக்க முயன்றார். எதிர்ப்புக் கிளம்பியதால் அமைக்கப்பட்ட குழு, 1923இல் அந்த யோசனையை நிராகரித்தது. வெளிப்படையான வரம்பு கைகூடாதபோது, விண்ணப்பப் படிவமே அதற்கு வழியாயிற்று.

1922 இலையுதிர் காலம் முதல் ஹார்வர்டின் படிவம், விண்ணப்பதாரரின் இனம், நிறம், சமயம், தாயின் பிறந்தகக் குடும்பப் பெயர், தந்தை பிறந்த ஊர் ஆகியவற்றைக் கேட்டது. இவற்றோடு, பிறந்ததிலிருந்து அவருடைய பெயரிலோ தந்தையின் பெயரிலோ ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா என்று வினவி, செய்யப்பட்டிருந்தால் முழுமையாக விளக்குமாறும் பணித்தது. குடும்பப் பெயரைச் சுருக்கியோ ஆங்கிலப்படுத்தியோ வைத்துக்கொண்ட யூதர்களை அடையாளம் காண்பதே அக்கேள்வியின் நோக்கம். மாணவர் தம் பதிவில் உள்ள ஒன்றுக்குத் தாமே எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்ற கட்டளை, மதிப்பெண்ணைப் பற்றி இடப்படுவதற்கு முன்பே குலத்தைப் பற்றி இடப்பட்டது.

கொலம்பியா பல்கலைக்கழகம் இதற்குச் சில ஆண்டுகள் முந்திக்கொண்டது. எட்டுப் பக்கப் படிவம், புகைப்படம், நேர்காணல், உளத்திறன் சோதனை ஆகியவற்றை அது 1919 வாக்கில் புகுத்தியபின், ஏறத்தாழ 40 விழுக்காடாக இருந்த யூத மாணவர் பங்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் 22 விழுக்காடாக இறங்கியது. டார்ட்மத் கல்லூரி 1921-22இல், படிப்போடு குணநலன், வாழும் மாநிலம், தந்தை அக்கல்லூரியின் பழைய மாணவரா என்பது முதலியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் தேர்வு முறையை அறிவித்தது. பிரின்ஸ்டன் 1922இல் சேர்க்கைக்கென்றே தனி இயக்குநரை அமர்த்தியது. ஹார்வர்டும் 1926இல் முதலாண்டு இடங்களை ஏறத்தாழ ஆயிரமாக வரையறுத்து, குணநலனுக்கு அழுத்தம் தரும் முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு கால் பங்கைத் தாண்டியிருந்த யூத மாணவர் எண்ணிக்கை அதன்பின் 15 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது.

குணநலன் என்ற சொல்லுக்கு வரையறை இல்லாததே அதன் பயன். மதிப்பெண் குறைவாக உள்ளவரைச் சேர்க்கவும் மிகுதியாக உள்ளவரை மறுக்கவும் அது இடம் கொடுத்தது. எந்த முடிவுக்கும் காரணம் வெளியே சொல்லத் தேவையில்லை. முழுமை நோக்குச் சேர்க்கை என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற முறையின் உறுப்புகள் யாவும், அதாவது நேர்காணல், பரிந்துரைக் கடிதம், தன்னைப் பற்றிய குறிப்பு, அவற்றையெல்லாம் எடைபோடும் தனிச் சேர்க்கை அலுவலகம் ஆகியவை, இந்தப் பத்தாண்டுகளில் கூடி அமைந்தன.

பிறர் சொல்லிய காரணம்

எனினும் 1920களிலும் 1930களிலும் மதிப்பெண் சரிவை விளக்கியவர் பெரும்பாலும் மாணவர் அல்லர், தலைமையாசிரியரே. நியூ இங்கிலாந்தின் தனியார் விடுதிப் பள்ளிகளின் தலைவர்கள் கல்லூரித் தலைவர்களோடு நேரடியாகக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்கள். பையன் நல்ல குடும்பத்தவன், ஆட்டக்களத்தில் தலைமை தாங்குபவன், கடந்த குளிர்காலத்தில் நோயுற்றதால் கணிதத்தில் பின்தங்கினான் என்ற வகையில் அவர்கள் எழுதியது பிணைக்கையெழுத்துக்கு ஒப்பானது. மாசசூசெட்ஸின் குரோட்டன் பள்ளியிலிருந்து 1906 முதல் 1932 வரை ஹார்வர்டுக்கு விண்ணப்பித்த 405 பேரில் 402 பேருக்கு இடம் கிடைத்தது என்ற கணக்கு, அந்தப் பிணைக்கு இருந்த மதிப்பைக் காட்டுகிறது. அந்த 405 பேரும் ஒவ்வோர் ஆண்டும் நன்றாகப் படித்திருக்க முடியாது. படிப்பில் ஏற்பட்ட குறையைத் தற்காலிகமானது என்று சொல்லிக் காப்பாற்ற அவர்களுக்கு ஆள் இருந்தது. நகரத்து அரசுப் பள்ளியில் ஆயிரத்தில் ஒருவராகப் படித்த குடியேறிகளின் மகனுக்கு அவ்வாறு எழுதித் தர யாரும் இருக்கவில்லை.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னையில் வேறு வகையில் இதே உண்மை வெளிப்பட்டது. தேர்வே எல்லாமாக இருந்த சென்னைப் பல்கலைக்கழக முறையில், எஃப்.ஏ. என்னும் இடைநிலைத் தேர்வில் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறியதால் சீனிவாச ராமானுஜனுக்குப் பட்டப்படிப்பின் கதவு அடைபட்டது. 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலைக்கு அவர் விடுத்த விண்ணப்பம், சில தடைகளால் படிப்பைத் தொடர முடியாமல் போனது என்ற அளவில் தம் தோல்வியைக் கடந்துசெல்கிறது. அதற்கு வலுச்சேர்த்தது மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரை. மறு ஆண்டில் பல்கலைக்கழகம், முதுகலைப் பட்டம் பெற்றோருக்கென்று இருந்த ஆய்வு உதவித்தொகையை, மாதம் 75 ரூபாயாக, பட்டமே இல்லாத அவருக்கு வழங்கியபோதும், அவருக்காகப் பேசிய அறிஞர்களின் சொல்லே விதியைத் தளர்த்தியது. பாஸ்டனிலும் சென்னையிலும் குறைந்த மதிப்பெண்ணுக்கு விளக்கம் எடுபட வேண்டுமானால், அதைச் சொல்பவர் மதிப்புள்ளவராக இருக்க வேண்டியிருந்தது.

பழைய பதிவை ஒதுக்கிவைத்த சோதனைகள்

பள்ளி மதிப்பெண் பட்டியல் ஒரு மாணவரின் எதிர்காலத்தை எவ்வளவு தூரம் முன்னறிவிக்கும் என்ற ஐயத்தை 1930களில் நடந்த எட்டாண்டு ஆய்வு எழுப்பியது. முற்போக்குக் கல்விச் சங்கம் நடத்திய அந்த ஆய்வில், தேர்ந்தெடுத்த சுமார் முப்பது பள்ளிகளின் மாணவர்களை, வழக்கமான பாட அலகு நிபந்தனைகளைத் தளர்த்திச் சேர்த்துக்கொள்ள ஏறத்தாழ முந்நூறு கல்லூரிகள் உடன்பட்டன. பிறகு அவர்களில் 1,475 பேரை, ஒத்த திறனும் பின்னணியும் உடைய வேறு பள்ளி மாணவர்களோடு ஒருவருக்கு ஒருவராக ஒப்பிட்டபோது, தளர்த்திய நிபந்தனையில் வந்தவர்கள் இணையாகவோ சற்று மேலாகவோ படித்திருந்தது தெரியவந்தது. உலகப் போர் மூண்டதால் ஆய்வின் முடிவுகள் உரிய கவனம் பெறவில்லை.

ஆனால் அப்போரே அதைவிடப் பெரிய சோதனையை நடத்திக் காட்டியது. 1944இல் நிறைவேறிய படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தின் துணையோடு ஏறத்தாழ 22 லட்சம் முன்னாள் படைவீரர்கள் கல்லூரிகளில் சேர்ந்தனர். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்களும், பதினாறு வயதில் மோசமான தரங்கள் வாங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். பள்ளிப் படிப்புக்கு இணையான பொது அறிவைச் சோதிக்க 1942இல் வகுக்கப்பட்டு இன்றும் ஜிஇடி என்ற பெயரில் நடைபெறும் தேர்வு, பழைய பதிவைப் புறந்தள்ளி இன்றைய தகுதியைப் பார்க்க வழிசெய்தது. வகுப்பறையில் அவர்கள் காட்டிய ஊக்கம், இடையில் கழிந்த ஆண்டுகளும் முதிர்ச்சியும் பழைய தரத்தைப் பொருளற்றதாக்கக்கூடும் என்ற எண்ணத்தைப் பேராசிரியர்களிடையே பரப்பியது.

மாநிலங்கள் இந்த எண்ணத்துக்கு அமைப்பு வடிவம் கொடுத்தன. கலிஃபோர்னியா 1960இல் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம், பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினரைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினரை மாநிலக் கல்லூரிகளுக்கும் உரியவராக்கி, இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகளை எல்லோருக்கும் திறந்துவைத்தது. பள்ளியில் தவறியவர் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு நன்றாகப் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். அங்கே அவரிடம் விளக்கம் கேட்கப்படுவதைவிடப் புதிய மதிப்பெண்ணே பார்க்கப்படும். பழைய நிபந்தனைச் சேர்க்கையின் நேர்வாரிசு இதுவே. 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், நகரத்தில் பள்ளி முடித்த அனைவருக்கும் தன் கல்லூரிகளில் ஒன்றில் இடம் உண்டு என்று அறிவித்தது இவ்வழியில் எடுத்துவைத்த மிகத் துணிவான அடி.

கருவி கைமாறியது

தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் தனியார் கல்லூரிகள் வேறு வழியில் வந்தன. அவை 1920களின் கருவிகளைக் கைவிடாமல் நோக்கத்தை மாற்றின. ஹார்வர்டின் சேர்க்கைத் தலைவர் ஃபிரெட் கிளிம்ப் 1960களில், எவ்வளவு திறமையானவர்களைச் சேர்த்தாலும் வகுப்பில் கால் பங்கினர் கடைசிக் கால் பங்காக இருந்தே தீர்வர் என்பதால், அங்கே இருப்பதால் மனம் உடையாத, வேறு துறைகளில் வலுவுள்ள மாணவர்களையும் எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதிட்டார். குடிமையுரிமைப் போராட்டமும் 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் கல்லூரிகளைக் கறுப்பின மாணவர்களைத் தேடிப் போக வைத்தபோது, மதிப்பெண்ணை வாழ்க்கைச் சூழலோடு சேர்த்துப் படிக்கும் பழக்கம் சேர்க்கை அலுவலகங்களில் நிலைபெற்றது. 1978இல் பாக்கி (Bakke) என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான கட்டாய ஒதுக்கீட்டை நிராகரித்தபோதும், நீதிபதி லூயிஸ் பவல் பின்பற்றத்தக்க மாதிரியாகச் சுட்டியது ஹார்வர்டின் முறையைத்தான். எந்தப் படிவம் யூதர்களை வடிகட்ட வகுக்கப்பட்டதோ, அதன் வழிவந்த முறையே பன்மையைப் பேணும் வழியாக நீதிமன்றத்தில் சான்று பெற்றது.

மாணவரே தம் வாயால் காரணம் சொல்லும் இடம் பொது வடிவம் பெற்றது காமன் ஆப் எனப்படும் பொது விண்ணப்பத்தால். 1975இல் 15 தனியார் கல்லூரிகள் கூடித் தொடங்கிய அந்த ஏற்பாடு, ஒரே படிவத்தை நிரப்பிப் பல கல்லூரிகளுக்கு அனுப்ப வகைசெய்தது. 1998இல் இணையத்துக்கு வந்து, இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளை உள்ளடக்குகிறது. அதில் முதன்மைக் கட்டுரைக்கு அப்பால், கூடுதல் தகவல் என்ற தலைப்பில் மாணவர் விரும்பினால் நிரப்பத்தக்க பகுதி ஒன்று உண்டு. பள்ளி ஆலோசகர் தனியே அனுப்பும் அறிக்கையிலும் மாணவரின் சூழலைக் குறிப்பிட இடம் உண்டு. 2013இல் மாற்றியமைக்கப்பட்ட கட்டுரைத் தலைப்புகளில், தோல்வியைச் சந்தித்த ஒரு சமயத்தையும் அதனால் கற்றதையும் எழுதச் சொல்லும் தலைப்பும் இடம்பெற்றது. கணக்கில் எழுதப்படும் பாக்கியாகத் தொடங்கிய தோல்வி, இங்கே எழுத்துத் திறனைக் காட்டும் பொருளாகிவிட்டது.

சேர்க்கை அலுவலர் அப்பகுதியைப் படிக்கும் முறையைக் கவனித்தால் வழக்கத்தின் உள்விதிகள் தெரியும். அவர் முதலில் மதிப்பெண் பதிவில் பள்ளம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கிறார். மாணவர் சொல்லும் காரணத்தின் காலமும் பள்ளத்தின் காலமும் பொருந்த வேண்டும். பத்தாம் வகுப்பின் வசந்தப் பருவத்தில் தந்தைக்கு அறுவை சிகிச்சை என்றால், ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிய சரிவை அது விளக்காது. அடுத்து, ஆலோசகரின் அறிக்கை அதே செய்தியைத் தனியே உறுதிசெய்கிறதா என்பது. இறுதியாக, சரிவுக்குப்பின் எளிய பாடங்களைத் தேடிப் போகாமல் கடினமான பாடங்களிலேயே மதிப்பெண் ஏறியிருக்கிறதா என்பது. ஏறாத பதிவுக்கு எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் பயனில்லை. ஆசிரியரைக் குறைசொல்லும் விளக்கமும், நான்கு வரியில் முடியவேண்டியதை இரண்டு பக்கமாக நீட்டும் விளக்கமும் மாணவருக்கே எதிராகப் போகும். பழைய தலைமையாசிரியரின் பிணைக்கடிதம் செய்த வேலையை இப்போது பதிவின் பிற்பகுதி செய்கிறது.

விதியால் மறைப்பதும் சொல்லால் விளக்குவதும்

விளக்கத்துக்கு இடம் தருவதற்கு மாற்றாக, மோசமான காலத்தை விதியாலேயே கணக்கிலிருந்து நீக்கும் முறையும் வளர்ந்துவந்திருக்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் தகுதிச் சராசரியைக் கணக்கிடும்போது ஒன்பதாம் வகுப்பின் தரங்களைச் சேர்ப்பதில்லை. டி அல்லது எஃப் வாங்கிய பாடத்தை மீண்டும் படித்தால் பழைய தரத்தை ஒதுக்கிவிடுகிறது. டெக்சாஸ் மாநிலம் 1993இல் இயற்றிய சட்டம், பத்தாண்டுகளுக்கோ அதற்கும் மேலோ முன்பு படித்த கல்லூரிப் பாடங்களைக் கருதாமல் தம்மைச் சேர்க்குமாறு மாநிலப் பல்கலைக்கழகங்களிடம் கோரும் உரிமையை விண்ணப்பதாரருக்கு அளித்தது. அப்படிக் கோருபவர் பழைய பாடங்களுக்கான பலனையும் இழக்கிறார் என்பதால் சலுகைக்கு விலையும் உண்டு. மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்பச் சேவையோ இதற்கு நேரெதிர்: மாணவர் எந்தப் பாடத்தை எத்தனை முறை படித்தாலும் எல்லாத் தரங்களும் சராசரியில் சேரும், அங்கே விளக்கம் ஒன்றே வழி.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால், விதியால் மறைக்கும் முறை எல்லோருக்கும் சமமானது. அதைப் பெற மாணவர் தம் வீட்டுத் துயரத்தை யாரிடமும் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அது குருடானது. நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டவரையும் விளையாட்டாகப் பொழுதைக் கழித்தவரையும் ஒன்றாகவே நடத்தும். விளக்க முறை இருவரையும் வேறுபடுத்திப் பார்க்கும். எனினும் எழுதத் தெரிந்தவருக்கும், எழுதலாம் என்று சொல்லித் தர ஆள் உள்ளவருக்கும் அது கூடுதலாக உதவும். ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர் என்ற அளவை ஆலோசகர் சங்கம் பரிந்துரைக்கிறது. பல அரசுப் பள்ளிகளில் எண்ணிக்கை அதைவிட வெகுவாக மிகுந்திருப்பதால், எந்தப் பருவத்தில் எந்த மாணவர் வீட்டில் என்ன நடந்தது என்பது ஆலோசகருக்கே தெரியாமல் போகிறது. குரோட்டனில் படித்தவருக்கும் நகரத்து அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் நூறாண்டுக்கு முன்பு இருந்த இடைவெளி, படிவம் பொதுவான பிறகும் முற்றாக மறையவில்லை.

அண்மை ஆண்டுகளின் மாற்றங்கள் இந்த இரு முறைகளுக்கும் இடையே வழி தேடுகின்றன. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, பல இடங்களில் தரங்களுக்குப் பதிலாகத் தேர்ச்சி என்று மட்டும் குறிக்கப்பட்டபோது, பொது விண்ணப்பம் அதன் விளைவுகளை 250 சொற்களுக்குள் எழுதத் தனிக் கேள்வி ஒன்றைச் சேர்த்தது. அந்தக் கேள்வி பின்னர் விரிவாகி, 2025-26 முதல் இடர்களையும் சூழ்நிலைகளையும் பற்றிய நிலையான கேள்வியாயிற்று. அதே சமயத்தில் கூடுதல் தகவல் பகுதி 650 சொற்களிலிருந்து 300 சொற்களாகச் சுருக்கப்பட்டது. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கைக்கு முடிவுகட்டியபோதும், இனம் தம் வாழ்வை எவ்வாறு பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதுவதைக் கல்லூரிகள் கருத்தில் கொள்ளத் தடையில்லை என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் குறித்தார். சூழ்நிலையைச் சொல்லும் அந்தச் சில நூறு சொற்களின் எடை இதனால் மேலும் கூடியது.

தமிழகத்துக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. பொறியியல் சேர்க்கைக்கு 1984இல் வந்த நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியபின், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது; அந்த வரிசையில் ஒரு சொல் விளக்கத்துக்கும் இடமில்லை. அதே மாணவர் நான்காண்டுகளுக்குப்பின் அமெரிக்காவில் முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது, மூன்றாம் பருவத்தில் விழுந்த இரண்டு அரியர்களுக்கு எஸ்ஓபி எனப்படும் நோக்க அறிக்கையில் காரணம் எழுத வேண்டியிருப்பதைக் கண்டு திகைக்கிறார். ஒருபுறம் எவர் முகத்தையும் பாராத எண். மறுபுறம் முகம் பார்த்து எடைபோடும் விருப்புரிமை. முதலாவது ஏமாற்றுவதற்கும் பாகுபாடு காட்டுவதற்கும் இடம் குறைத்தது. அதற்கு ஈடாக மனிதரின் சூழலைக் காணும் ஆற்றலை இழந்தது. இரண்டாவது சூழலைக் காண்கிறது. ஆனால் காணும் கண் யாருடையது, அது எந்த நோக்கத்தோடு காண்கிறது என்பதை வெளியிலிருப்பவர் அறிய வழி குறைவு.

1922ஆம் ஆண்டுப் படிவத்திலும் இன்றைய படிவத்திலும் மாணவரிடம் கேட்கப்படுவது தம்மை விளக்குமாறுதான். விளக்கத்தைப் படிப்பவருக்கு இருக்கும் அதிகாரமும் ஏறத்தாழ அதேதான். அந்த அதிகாரம் ஒரு தலைமுறையில் தேர்ச்சி பெற்றவரை வெளியே நிறுத்தியது, இன்னொரு தலைமுறையில் தளர்ந்தவரைக் கைதூக்கிவிட்டது. எனவே, விளக்கத்துக்கு இடம் தரும் சேர்க்கை முறை நியாயமாக இயங்க வேண்டுமானால், மாணவரிடம் காரணம் கேட்கும் கல்லூரியும் தன் முடிவுக்கான அளவுகோல்களை வெளியிட்டு, அவை எல்லோருக்கும் ஒன்றாகவே பொருத்தப்பட்டன என்று காட்டும் பொறுப்பை ஏற்க வேண்டும். நூறாண்டு வரலாற்றில் மாணவர் தரப்பு விளக்கம் படிப்படியாக விரிவடைந்திருக்கிறது, கல்லூரி தரப்பு விளக்கம் நீதிமன்றம் கேட்டபோது மட்டுமே வெளிவந்திருக்கிறது.